மேகத்துக்குள்ள போனா என்ன ஆகும் டாக்டர்?

கொஞ்சம் நீளமான இழை. ராத்திரி சாப்பாடு முடிச்சிட்டு நிதானமா படிங்க.

போன மாசம் கிளினிக்குக்கு ஒரு அப்பாவும் மகனும் வந்தாங்க. அப்பா திருச்சுழிப் பக்கம் மானாவாரி விவசாயி. மகன் விமானம் ஓட்டப் படிக்கிறான். கரிசல்காட்டை அடமானம் வெச்சு, பேங்க் லோனும் போட்டு அனுப்பியிருக்கார். லீவுல ஊருக்கு வந்த பையனுக்கு மூக்கடைப்பு, சளி. மாத்திரை எழுதிக்கிட்டு இருக்கும்போது அப்பா மெதுவா கேட்டார்.

"ஏன் டாக்டரய்யா, இவன் ஓட்டுற சின்ன ப்ளேன் மேகத்துக்குள்ள போனா என்ன ஆகும்? பஞ்சுப் பொதி மாதிரிதான இருக்கும்?"

பையன் குறுக்கே வந்தான். "நாங்க உள்ள போகவே கூடாதுப்பா."

"அதான்யா கேக்கேன். போனா என்ன ஆகும்?"

பையன் என்னைப் பார்த்தான். வெளியே இருபது பேர் காத்திருந்தாங்க. "எழுதுறேன், படிச்சுக் காட்டச் சொல்லுங்க"ன்னு அனுப்பிட்டேன். அந்தக் கடன்தான் இந்த இழை.

எங்க பக்கத்துக்கு வானம் பார்த்த பூமின்னு பேரு. அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் ஒரு கருமேகம் தெரிஞ்சா ஜனங்க வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்ப்பாங்க. மேகத்தைப் பார்த்துப் பயப்படுற தொழில் ஒண்ணு இருக்குன்னு அந்த மனுஷனுக்குத் தோணாததில் ஆச்சரியம் இல்லை.

மேகம் மெத்தென்றுதான் இருக்கும், விமானத்தை அது இடிக்காது. இடியும் மின்னலும் உள்ள கருமேகம் வேறு கதை, அதை விடுங்க. சாதாரண வெள்ளை மேகமே ஆளைக் கொல்லும். ஆபத்து இருப்பது மேகத்தில் இல்லை, விமானியின் காதுக்குள்.

சின்ன வயசுல தட்டாமாலை சுத்தியிருப்பீங்க. ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு சுத்தோ சுத்துன்னு சுத்திட்டு டக்குன்னு நின்னா, ஊரே எதிர்ப்பக்கம் சுத்தும். காரணம் எளிது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கு. உள்ளே திரவம். தலை திரும்பும்போது அந்தத் திரவம் கொஞ்சம் பின்தங்கும், அங்கிருக்கும் நுண்மயிர்கள் வளையும், "திரும்புறோம்"னு மூளைக்குச் செய்தி போகும். ஒரே வேகத்தில் சுத்திக்கிட்டே இருந்தா ஏறத்தாழ 20 விநாடியில் திரவமும் கூடவே ஓட ஆரம்பிச்சிடும். மயிர் நிமிர்ந்துவிடும். செய்தி நின்றுவிடும். நீங்க சுத்திக்கிட்டு இருக்கீங்க, ஆனா காது "நேராத்தான் நிக்கிறோம்" என்கிறது. நின்னதும் திரவம் முன்னே பாய்வதால் எதிர்ப்பக்கம் சுற்றுவதாகப் பொய் சொல்கிறது.

தரையில் இந்தப் பொய்யைக் கண் திருத்திவிடும். சுவரைப் பிடிச்சுக்கலாம். மேகத்துக்குள் கண்ணுக்குத் தெரிவது வெறும் வெள்ளை. தொடுவானம் இல்லை, தரை இல்லை, மேல் கீழ் இல்லை.

விமானம் மெதுவாக இடப்பக்கம் சாய்கிறது என்று வையுங்க. அவ்வளவு மெதுவான அசைவு காதில் பதியவே பதியாது. சாய்ந்த விமானம் வளைந்துகொண்டே இறங்கும். காற்றின் இரைச்சல் கூடுவதைக் கேட்டு, நேராகத்தான் இறங்குகிறோம் என்று நினைத்து விமானி மூக்கைத் தூக்கக் கட்டையை இழுப்பார். சாய்ந்த நிலையில் இழுத்தால் மூக்கு மேலே வராது, வளைவுதான் இறுகும். இன்னும் வேகமாக இறங்கும். இன்னும் இழுப்பார். விமானிகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சுடுகாட்டுச் சுழல்.

இதைக் கண்டுபிடித்த கதையில் எங்க ஜாதிக்கும், அதாவது டாக்டர்களுக்கும், ஒரு பங்கு உண்டு.

வியன்னாவில் ராபர்ட் பாரனி என்று ஒரு காது மருத்துவர். காதில் தண்ணீர் பீய்ச்சி அழுக்கெடுக்கும்போது சில நோயாளிகள் தலை சுத்துதுன்னு சொல்வதைக் கவனித்தார். தண்ணீர் ரொம்பச் சில்லென்று இருந்தாலும் தலை சுத்துச்சு, ரொம்பச் சூடாக இருந்தாலும் சுத்துச்சு, ஆனா கண் துடிக்கும் திசை மட்டும் மாறுச்சு. உள்ளிருக்கும் திரவம் குளிர்ந்து கீழிறங்குவதும் சூடாகி மேலேறுவதும்தான் காரணம் என்று பிடித்தார். நோயாளியைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்துச் சோதிக்கும் முறையும் அவருடையதுதான். 1914-க்கான மருத்துவ நோபல் அவருக்கு. அந்தச் சேதி வந்தபோது மனுஷன் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார்.

1926-இல் அமெரிக்க ராணுவ விமானி வில்லியம் ஆக்கர் உடல் பரிசோதனைக்குப் போனார். டேவிட் மையர்ஸ் என்ற டாக்டர் அவரைப் பாரனி நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மறைத்துச் சுற்றிவிட்டார். எந்தப் பக்கம் சுத்துறீங்க? ஆக்கர் தப்பாகச் சொன்னார். நின்னாச்சா, சுத்துதா? அதுவும் தப்பு. வருஷக்கணக்காகப் பறந்த அனுபவசாலி. அவமானமாகிவிட்டது.

அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. விமானத்தில் இருக்கும் டர்ன் இண்டிகேட்டரை ஒரு பெட்டிக்குள் வைத்து, உள்ளே ஒரு டார்ச் விளக்கும் போட்டு எடுத்து வந்தார். முகத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். இந்த முறை எல்லாப் பதிலும் சரி. உடம்பு சொல்வதைக் கேட்காமல் முள் சொல்வதைச் சொன்னார், அவ்வளவுதான். பிற்பாடு கார்ல் கிரேன் என்ற இன்னொரு விமானியோடு சேர்ந்து புறாக்களின் கண்ணைக் கட்டி விமானத்திலிருந்து விட்டுப் பார்த்தார். பறவைக்கே கண்ணைக் கட்டினால் நேராகப் பறக்க வரவில்லை.

அதுவரை நல்ல விமானி என்றால் உட்காரும் இடத்தாலேயே விமானத்தின் போக்கை உணர்பவன் என்று ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையை ஒரு நாற்காலி உடைத்தது. 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் விமானி அறையைத் துணியால் மூடிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து ஏறி, சுற்றி, இறங்கிக் காட்டினார். இன்றைக்கு நாம் ஏறும் பயணிகள் விமானம் மழைமேகத்தைக் கிழித்துக்கொண்டு மதுரையில் இறங்குவது அந்த வழியில் வந்ததுதான்.

அப்புறம் ஏன் பயம்? சின்ன விமானத்திலும் கருவிகள் இருக்கே?

இருக்கு. அதை நம்பிப் பறக்கத் தனிப் பயிற்சி வேணும், அந்தப் பயிற்சி துருப்பிடிக்காமலும் இருக்கணும். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கருவிப் பயிற்சி இல்லாத 20 பேர். பக்கத்தில் பயிற்றுநர். வெளியே எதுவும் தெரியாதபடி கண்ணாடி மாட்டி, திடீரென்று மேகத்தில் நுழைந்த மாதிரி ஆக்கினார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். 19 பேர் சுடுகாட்டுச் சுழலில், ஒருவர் மூக்கைத் தூக்கித் தூக்கி வேகமிழந்து. மேகத்தில் நுழைந்ததிலிருந்து ஆபத்தான நிலை வரை ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூணு நிமிஷம்கூட இல்லை. ஒருத்தர் 20 விநாடியிலேயே போய்ச் சேர்ந்தார் (பயிற்றுநர் காப்பாற்றினார், பயப்படாதீங்க).

எல்லோரும் இந்த 178-ஐத்தான் சொல்வார்கள். அதே ஆய்வின் அடுத்த பாதி எனக்கு இன்னும் பிடிக்கும். அதே ஆட்களுக்கு ஒரே ஒரு வித்தை கற்றுக்கொடுத்தார்கள். மேகத்தில் மாட்டினால் கட்டையைப் பிடித்து மல்லுக்கட்டாதே, கருவியைப் பார்த்து மெதுவாக 180 டிகிரி திரும்பு, வந்த வழியே வெளியே வா. பயிற்சிக்குப் பின் 60 தடவை சோதித்ததில் 59 தடவை பிழைத்து வெளியே வந்தார்கள். திரும்பி வருவது கற்றுக்கொடுக்கக்கூடிய ஒரு வேலை என்று அந்த ஆய்வு காட்டியது.

அப்படியும் ஏன் திரும்ப மாட்டேங்கிறாங்க?

நம்ம பக்கத்து நடப்பிலிருந்தே பார்ப்போம். 1971 டிசம்பர் 9. இந்தியன் ஏர்லைன்ஸின் ஆவ்ரோ விமானம் மதுரையில் இறங்க வந்துகொண்டிருந்தது. மதுரைக்கு இன்னும் சுமார் 80 கிலோமீட்டர் இருக்கையில், பார்வை சரியில்லாத நேரத்தில், பகலிலேயே கீழிறங்க ஆரம்பித்தது. சின்னமனூர்ப் பக்கத்து மலையில் மோதியது. அன்று அது மதுரை மாவட்டம், இன்று தேனி. இருந்த 31 பேரில் 21 பேர் போனார்கள். விமானிகள், பணியாளர்கள் நால்வரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. எங்க ஊர்க் கண்ணுக்கு மேற்கே வானம் எப்பவும் மொட்டையாகத் தெரியும். அந்த மொட்டை வானத்துக்குப் பின்னால் மலை நிற்கிறது, அன்று மலைமேல் மேகம் நின்றது. ஓட்டியது அனுபவமுள்ள ஏர்லைன்ஸ் ஆட்கள்தான். மேகம் ஆள் பார்ப்பதில்லை.

2009 செப்டம்பர் 2. ஆந்திர முதல்வர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி ஹைதராபாத்திலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கு ஹெலிகாப்டரில் கிளம்பினார். மக்கள் குறை கேட்கும் நிகழ்ச்சி. வழியில் நல்லமலைக் காட்டுக்கு மேல் மோசமான வானிலை. கியர்பெட்டி எண்ணெய் அழுத்தம் பற்றி எச்சரிக்கை எழ, விமானிகள் அதற்கான பக்கத்தைக் கையேட்டில் தேடியதில் முக்கியமான நிமிடங்கள் போயின என்று விசாரணை சொன்னது. மறுநாள் காலைதான் குன்றின்மேல் சிதறிக் கிடந்ததைக் கண்டார்கள். ஐந்து பேர்.

2020 ஜனவரி 26. கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட், அவர் மகள் உட்பட ஒன்பது பேர், கலிஃபோர்னியாவில். "4,000 அடிக்கு ஏறுகிறேன்" என்று விமானி ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த கடைசித் தருணத்தில் ஹெலிகாப்டர் இடப்பக்கம் சாய்ந்து கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் காது அவரிடம் பொய் சொன்னது. இதைப் படித்த அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல.

2021 டிசம்பர் 8, குன்னூர். தளபதி பிபின் ராவத் வந்த ராணுவ ஹெலிகாப்டர். பனிமூட்டத்துக்குள் அது மறையும் செல்போன் காட்சியை நாம எல்லோரும் பார்த்தோம். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறி மேகத்தில் நுழைந்ததால் விமானிக்கு இடக்குழப்பம், அதனால் மோதல் என்று விமானப்படையின் விசாரணை சொன்னது. இயந்திரக் கோளாறு இல்லை, சதி இல்லை. வாட்ஸ்அப்பில் அன்னைக்குப் பறந்த சதிக்கதைகளை யாரும் திரும்பி வந்து அழிக்கவில்லை என்பது வேற விஷயம்.

இவற்றில் ஏர்லைன்ஸ் உண்டு, ராணுவம் உண்டு. நம்ம பையன் இருக்கும் உலகம் மூன்றாவது. பயிற்சி விமானம், சொந்த விமானம், வாடகை ஹெலிகாப்டர் எல்லாம் சேர்த்து ஜெனரல் ஏவியேஷன் என்பார்கள். ஏர்லைன்ஸில் ரெண்டு விமானி, தானியங்கி, வானிலையைப் பார்த்து "போகாதே" என்று சொல்ல ஒரு அலுவலகம். சின்ன விமானத்தில் அத்தனை பேருடைய வேலையும் ஒரே ஆளுக்கு. போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்பவரும் அவரே, போய்ச் சேர வேண்டியவரும் அவரே. அங்கேதான் சிக்கல்.

எனக்கு இது புத்தகத்தில் படித்து வந்த அறிவு இல்லை.

பல வருஷம் முன்னாடி, ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி. விடியக்காலை ரெண்டு மணிக்கு ஒரு இளைஞனைக் கொண்டு வந்தாங்க. தரையில் படுத்திருந்தவன், வயித்து வலி, வாந்தி. கடிவாய் தேடினால் கண்ணில் படல. இமை லேசா இறங்குச்சு. கட்டுவிரியன். விஷமுறிவு மருந்து போட்டேன். செய்தது சரிதான். ஆனா அங்கே செயற்கைச் சுவாசக் கருவி இல்லை. அவன் குரல் கம்ம ஆரம்பிச்சதும் மதுரைக்கு அனுப்பியிருக்கணும். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? மருந்து போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு, இன்னும் அரைமணி பார்ப்போம், இப்ப வேலை செய்ய ஆரம்பிச்சிடும். அரைமணி ஆச்சு. இன்னும் ஒரு அரைமணி. எவ்வளவு நேரம் உழைச்சேனோ அவ்வளவுக்கு விட மனசு வரல. பாதித் தூரம் வந்தாச்சு, திரும்புறதுக்குப் போயே சேர்ந்துடலாம்னு நினைக்கிற விமானியும் நானும் ஒண்ணுதான்.

108 வண்டி ஓட்டுநர் வாசலில் நின்னுக்கிட்டிருந்தார். 108-இல் ஓட்டுநருக்குப் பைலட்ன்னுதான் பேர், உங்களில் பல பேருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர் சொன்னார்: "சார், இப்பக் கிளம்புனா நிதானமாப் போயிரலாம். இன்னும் அரைமணி கழிச்சுன்னா நானும் பறக்கணும், நீங்களும் பதறணும்."

கிளம்பினோம். வழியில் மூச்சு நின்னுச்சு. மதுரை வர்ற வரைக்கும் நானும் நர்ஸம்மாவும் மாத்தி மாத்திப் பையை அமுக்கிக்கிட்டே போனோம். அவன் பிழைச்சான். பல நாள் கருவியில் இருந்து பிழைச்சான். என் சாமர்த்தியம் அதில் ஒண்ணுமில்லை. நான் தாமதிச்ச நேரத்தை அந்தப் பைலட் திருப்பிக் கொடுத்தார்.

அதுக்கப்புறம் நான் ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டேன். நோயாளி வந்த உடனே, பதட்டம் இல்லாத நேரத்தில், எது நடந்தா அனுப்புவேன்னு கேஸ் ஷீட்டிலேயே எழுதிடுவேன். குரல் மாறினா. நாடித்துடிப்பு இத்தனைக்கு மேல போனா. இத்தனை மணிக்குள்ள மூத்திரம் போகலன்னா. அந்த நிலை வந்ததும் யோசிக்கிறதில்லை, போன் அடிக்கிறதுதான். ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, சின்ன விமானம் ஓட்டுறவங்களும் இதையே செய்றாங்க. சட்டம் சொல்லும் எல்லைக்கு மேலே, தனக்கென்று ஒரு எல்லை. மேகத்தின் அடி இத்தனை அடிக்குக் கீழே இருந்தால் கிளம்ப மாட்டேன், குறுக்குக்காற்று இவ்வளவுக்கு மேல் அடித்தால் இறங்க மாட்டேன், தரையிலேயே, இன்ஜினைக் கிளப்புவதற்கு முன்னாலேயே எழுதி வைப்பது. மேலே போனபிறகு முடிவெடுக்கும் மூளை வேற மூளை.

எரிபொருள் கணக்கும் இப்படித்தான். போய்ச் சேரும் அளவுக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு போக அமெரிக்காவில் சட்டமே இடம் தராது. கண்பார்வையில் பறக்கும் சின்ன விமானம் போய்ச் சேர்ந்த பிறகும் பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் பறக்கும் அளவு மிச்சம் இருக்கணும். இதை அந்த அப்பாவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. புரட்டாசியில் புழுதி விதைப்பு விதைக்கிறவர் இருக்கிற விதை அத்தனையையும் மண்ணில் கொட்ட மாட்டார். முதல் மழை ஏமாத்திட்டா மறுவிதைப்புக்கு ஒரு பங்கு குதிருக்குள்ள கிடக்கும். கம்பு போனாலும் மல்லி நிற்கட்டும்னு ரெண்டு மூணு கலந்து விதைப்பார். மானாவாரிக்காரனுக்கு வானத்தை நம்பக்கூடாதுன்னு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம்.

சரி, சளி மாத்திரைக்கு வர்றேன். விமானிகள் கிளம்பும் முன் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் உண்டு. உடம்பு சரியா இருக்கா, மருந்து ஏதாவது சாப்பிட்டேனா, மனசு எங்கேயோ இருக்கா, குடிச்சேனா, தூங்கினேனா, சாப்பிட்டேனா. குடி பற்றி இந்தியாவில் விதி கண்டிப்பு: பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரத்தில் கூடாது. ஆனா குடியை விட நான் பயப்படுறது மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு ரூபாய்க்குக் கிடைக்கும் சளி மாத்திரைக்குத்தான். அமெரிக்காவில் விபத்தில் இறந்த விமானிகளின் உடலைச் சோதித்ததில், மூளையை மந்தமாக்கும் மருந்துகளில் அதிகம் கிடைத்தது தூக்கம் வரவைக்கும் ஒரு சாதாரண ஒவ்வாமை மருந்து. நம்ம ஊரில் எல்லார் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் கிடக்கிற சிபிஎம் மாத்திரையும் அதே குடும்பம்தான். அதுபோக, மூக்கடைச்சிருக்கும்போது பறந்தால் நடுக்காதுக்குக் காற்று போகும் குழாய் திறக்காது. இறங்கும்போது காது பிளக்கும் வலி வரும், தலையும் சுத்தலாம். பொய் சொல்லும் காதுக்கு இது வேறயா.

அதனால பையனுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்துட்டு, சளி முழுசா விட்டு, மாத்திரையும் நிறுத்தி, பயிற்சிப் பள்ளியின் மருத்துவர் சரின்னு சொன்ன பிறகுதான் பறக்கணும்னு சொன்னேன். அவன் முகம் சுருங்கிடுச்சு. "அஞ்சாறு நாள் போயிரும் சார். பேட்ச்ல நான்தான் பின்னாடி இருக்கேன்." கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்கணும். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அப்பா கட்டுற வட்டி அவன் தலைக்குள்ள ஓடுது. மேகத்தை விட அந்த வட்டிக்குத்தான் நான் பயந்தேன். அப்பாகிட்டேயே சொன்னேன், "அய்யா, எத்தனை மணி நேரம் ஆச்சுன்னு போன்ல கேக்காதீங்க." அவர் ஒண்ணும் சொல்லல. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டார்.

போன வாரம் பையன்கிட்டேயிருந்து வாட்ஸ்அப் வாய்ஸ் வந்துச்சு. தனியா ஒரு ஊருக்குப் போய்த் திரும்பணும். கிளம்பும்போது வானம் சுத்தம். பாதி வழியில் முன்னால மேகம் இறங்கிக்கிட்டே வந்திருக்கு. கீழே புகுந்து போயிடலாம்னு ஒரு நிமிஷம் தோணியிருக்கு. முழங்காலில் கட்டியிருந்த தாளில் அவனே எழுதி வெச்சிருந்த எண்ணைப் பார்த்திருக்கான். திரும்பி வந்துட்டான். பயிற்றுநர் திட்டுவார்னு பயந்துக்கிட்டே இறங்கியிருக்கான். அவர் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

நேத்து அப்பா சுகர் பார்க்க வந்தப்ப அந்த வாய்ஸைப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை கேட்டார். அப்புறம் கேட்டார், "ஏன் டாக்டரய்யா, பாதியிலேயே திரும்பி வந்தா அந்த நேரம் கணக்குல சேருமா?"

சேரும்யா, பறந்த நேரம் முழுசும் சேரும்னு சொன்னேன்.

"அப்பச் சரி"ன்னு சொல்லிட்டு ரத்தம் எடுக்கக் கையை நீட்டினார்.